தகப்பனார் பெயர் சிவக்கொழுந்து

கண்ணாத்தாளை நான் முதன்முதலில் பார்த்தது 1979 சித்திரையில், தஞ்சாவூர் சோல்ஜர் போர்டு வாசலில். பலகையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்று எழுதியிருக்கும்; அப்படிக் கேட்டால் ரிக்‌ஷாக்காரருக்குத் தெரியாது. நான் அங்கே தற்காலிக எழுத்தர். காவனூர்ச் சேரியில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மன்னார்குடி அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு. இதைச் சொல்ல நான் எங்கேயும் தயங்கியதில்லை.

அன்று வந்திருந்த கிழவர்கள் எல்லோரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பாலிதீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வெறுங்கையோடு நின்றார். மெலிந்த, உயரமான உடம்பு. நடவு வேலை செய்கிறவர் என்பது நகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எங்கள் அம்மாவுக்கும் அதே நகம்தான், சேறு ஏறிக் கறுத்தது.

"என்ன வேணும்?" என்றேன்.

"எங்கப்பாவைத் தேடணும் சார்."

தலைமை எழுத்தர் ஹபீப் முகம்மது உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். கூத்தாநல்லூர்க்காரர், பட்டாளத்தில் ஹவில்தார் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். "காணாமப் போனவங்களத் தேடறதுக்குப் போலீஸ் ஸ்டேஷன் இருக்கு தாயி. இங்க செத்தவங்களும் பென்சன் வாங்குறவங்களும் மட்டுந்தான் அகப்படுவாங்க," என்றார்.

"அந்த ரெண்டுல ஒண்ணுதாங்க அவரு. எதுன்னுதான் தெரியணும்."

ஹபீப் பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உள்ள வா."

நாற்காலியைக் காட்டினேன். வேண்டாமென்று சுவரோரம் குந்திக்கொண்டு சொன்னார்.

ஊர் மாவடிச்சேத்தி, நீடாமங்கலத்துக்குத் தெற்கே. அப்பா வீரையன், சிவக்கொழுந்து பண்ணையில் பண்ணையாள். கண்ணாத்தாளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, உலக யுத்தத்துக்கு ஆள் எடுக்க வந்த லாரியில் ஏறிப் போய்விட்டார். பிறகு ஒரு சேதியும் கிடையாது. யுத்தம் முடிந்த மறுவருடம் பண்ணையார் சிவக்கொழுந்து கண்ணாத்தாளின் அம்மா செவ்வந்தியைக் களத்துக்குக் கூப்பிட்டு, உன் புருஷன் ரங்கூனில் ஒரு பர்மாக்காரியைச் சேர்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான், இனி அவன் வேலையையும் நீதான் பார்க்கவேண்டும் என்றார். செவ்வந்தி இரண்டு பேர் வேலையையும் பார்த்தார். தாலியைக் கழற்றவில்லை, பொட்டு வைக்காமல் ஒரு நாளும் வெளியே வரவில்லை. களை எடுக்கும் இடத்தில், "என்ன செவ்வந்தி, சக்களத்தி சௌக்கியமா?" என்று மற்றப் பெண்கள் கேட்பார்கள். கண்ணாத்தாளுக்கு ஊரில் ஓடிப்போனவன் மகள் என்றே பெயர். இரண்டு முறை பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். கல்யாணம் ஆகவில்லை.

அந்த மாசியில் செவ்வந்தி இறந்தார். எங்கள் பக்கத்தில் கட்டுக்கழுத்தியாகச் செத்தவளுக்கு மஞ்சள் பூசி, பூ வைத்து, புதுச்சேலை கட்டி அனுப்புவார்கள். புருஷனை இழந்தவளுக்கு அது கிடையாது. குளிப்பாட்ட எடுத்த உடம்பைத் தெரு நாட்டாமை நிறுத்திவிட்டார். "இது கட்டுக்கழுத்தியா, முண்டச்சியா? மொதல்ல அதைச் சொல்லுங்க" என்றார். யாராலும் சொல்ல முடியவில்லை. "ரங்கூன்ல நாலு புள்ளையோட இருப்பான், பூ வச்சே அனுப்புங்க" என்று ஒருத்தி சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வெயில் ஏறி, உடம்பு வீங்க ஆரம்பித்தபிறகு, தாலியையும் கழற்றி, பூவும் வைக்காமல், கட்டியிருந்த சேலையோடு தூக்கிப் போனார்கள்.

"ரெண்டுமில்லாமப் போனாங்க சார் எங்கம்மா," என்றார் கண்ணாத்தாள். "அவரு செத்திருந்தாருன்னா நான் கும்பிடணும். எங்களை விட்டுட்டு இருந்தாருன்னா அவரு பேர்ல காறித் துப்பணும். எதுன்னு தெரியாம சோறு எறங்க மாட்டேங்குது."

ஹபீப் பாய் என்னைப் பார்த்து, "எழுதுய்யா பி.ஏ." என்றார். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். கேலி பாதி. நான் மீதிப் பாதியை எடுத்துக்கொள்வேன்.

"அந்தப் பக்கத்துலேர்ந்து லாரியில போனவங்க பயனியர் படைக்குத்தான் போயிருப்பாங்க. துப்பாக்கி கெடையாது. மம்மட்டியும் கூடையும். அசாம்லயும் பர்மாவுலயும் ரோடு போட்டது அவங்கதான்," என்றார் ஹபீப் பாய்.

"அங்கயும் மம்மட்டிதானா," என்றார் கண்ணாத்தாள். "அதுக்கா அம்மாந் தூரம் போனாரு."

வீரையன், தகப்பனார் பெயர் அம்மாசி, ஊர் மாவடிச்சேத்தி, மன்னார்குடி தாலுகா என்று எழுதி, அந்தப் படையின் பழைய ஆவணங்கள் இருக்கும் பெங்களூர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அம்மாசி என்பது கண்ணாத்தாளின் தாத்தா பெயர். ஆனியில் பதில் வந்தது: அம்மாசி மகன் வீரையன் என்று யாரும் இல்லை. மறுபடி எழுதினேன். ஆவணியில் அதே பதில். ஒவ்வொரு முறையும் கண்ணாத்தாள் கூலி வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து, வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். நான் இல்லையென்று தலையை ஆட்டியதும் திரும்பிவிடுவார். உள்ளே வந்துகூடக் கேட்கமாட்டார்.

அதற்குள் நானும் ஒரு பண்ணையாள் மகன்தான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. சார் போய்த் தம்பி ஆனேன். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

புரட்டாசியில் என் அப்பா தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கண் காட்ட வந்தவர், என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். நான் பின்கட்டில் இருந்தேன். வாசலில் நின்ற அப்பாவை ஹபீப் பாய் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

"யாருங்க? யாரு வேணும்?"

"காவனூர் பண்ணை ஆளுங்க."

"பண்ணையா? எந்தப் பண்ணை?"

"பெரிய பண்ணை சாமிநாதன்... அவங்க ஆளுங்க."

நான் ஓடி வந்தேன். ஹபீப் பாய் சிரித்துவிட்டார். "யோவ், இது உங்கப்பாவா? பி.ஏ.வோட அப்பான்னு சொல்லுங்களேன் பெரியவரே. சாமிநாதன் யாரு நடுவுல?"

எனக்கு முகம் சுட்டது. எங்கள் அப்பா அந்தப் பண்ணையை விட்டுப் பத்து வருடம் ஆகிறது. கூலி உயர்வு கேட்ட வருடம், பக்கத்துத் தாலுகாவில் சனங்களைக் குடிசையோடு கொளுத்திய அந்த மார்கழிக்குப் பிறகு, செங்கொடிக்காரர்களோடு சேர்ந்து வெளியே வந்தவர். என்னைப் படிக்கவைத்தவர். அப்படிப்பட்டவரே, யாரென்று ஒரு அதிகாரி கேட்டதும் பண்ணையின் பெயரைச் சொன்னார். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பழக்கம். சேரி ஆளை யாரும் உன் அப்பன் யார் என்று கேட்டதில்லை. யார் ஆள் நீ என்றுதான் கேட்பார்கள். ஆண்டையின் பெயரைச் சொல்லவேண்டும்.

அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும்போதுதான் அது எனக்குப் பிடிபட்டது. லாரியில் ஏறிய வீரையனை மேசைக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்தவர் யாரென்று கேட்டிருப்பார். தகப்பன் பெயர் எழுதவேண்டிய இடத்தில் எழுத அவருக்கு ஒரு பெயர் வேண்டும். வீரையன் எந்தப் பெயரைச் சொல்லியிருப்பார்?

அன்று சாயங்காலமே மூன்றாவது மனுவை எழுதினேன். வீரையன், தகப்பனார் பெயர் சிவக்கொழுந்து.

ஹபீப் பாய் இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். "இது எனக்குத் தோணாதுய்யா," என்றார். அவர் என்னிடம் கேலியில்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

மார்கழியில் ஆவணத்தின் நகல் வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். கண்ணாத்தாளுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். சுவரோரம் குந்தியிருந்தவருக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பெயர் வீரையன். ஊர் மாவடிச்சேத்தி. சேர்ந்த வருடம் 1942. இடது முழங்காலுக்குக் கீழே அரிவாள் வெட்டுத் தழும்பு.

"ஆமா," என்றார். "கதிர் அறுக்கையில பட்டதாம். அம்மா சொல்லும்."

"உயரம் அஞ்சடி நாலு அங்குலம்."

"அது எம்மாங்க?"

ஹபீப் பாய் எழுந்துபோய், ஸ்கேலை வைத்து அளந்து, பீரோவின் பக்கவாட்டில் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். கண்ணாத்தாள் எழுந்து வந்து கோட்டைப் பார்த்தார். பீரோவில் முதுகைச் சாய்த்து நின்றார். கோடு அவருடைய உச்சந்தலைக்கு நேராக இருந்தது.

"என் ஒசரந்தான்," என்றார். அப்பாவைப் பற்றி அவராகத் தெரிந்துகொண்ட முதல் விஷயம் அது.

"நடத்தை மிக நன்று," என்று படித்தேன்.

"நல்லவருன்னு எழுதியிருக்கா? வெள்ளைக்காரன் எழுதினதா?"

"ஆமாக்கா."

அடுத்த வரியைப் பார்த்துவிட்டுத் தாளை நீட்டினேன். ஹபீப் பாய்தான் வாங்கிச் சொன்னார். வீரையன் யுத்தத்தில் சாகவில்லை. 1946 ஜூலை கடைசியில், காயம் எதுவும் இல்லாமல், நல்ல உடல்நிலையில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

கண்ணாத்தாள் பீரோவை விட்டு விலகினார். "அப்ப ஊர்ல சொன்னது நெசந்தான்," என்றார். "உசுரோட இருந்துகிட்டு வரல. எங்கம்மா ரெண்டாள் வேலை செஞ்சு செத்தா." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"நில்லு தாயி, இன்னும் ஒரு வரி இருக்கு," என்றார் ஹபீப் பாய். "விடுதலை ஆன ஆளுக்கு ரயில் பாஸ் குடுப்பாங்க. எந்த ஊருக்கு வேணும்னு அவனைக் கேட்டுத்தான் எழுதுவாங்க. இதுல நீடாமங்கலம்னு இருக்கு. ஓடிப்போறவன் நீடாமங்கலத்துக்கா பாஸ் வாங்குவான்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கண்ணாத்தாளும் நீடாமங்கலம் ஸ்டேஷனுக்குப் போனோம். யுத்தகாலத்தில் அங்கே குதிரைவண்டி ஓட்டியவர்களில் உயிரோடு இருந்தது ஒருவர்தான், மீரா உசேன். ஸ்டேஷனுக்கு எதிரில் பெட்டிக்கடை வைத்திருந்தார். கண்ணில் பூ விழுந்திருந்தது. ஆனால் பட்டாளத்து ஆள், மாவடிச்சேத்தி என்று நான் சொன்னதும் சோடா உடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"ஆடிப்பெருக்கு அன்னிக்கு வந்த ஆளா?" என்றார்.

"எந்த வருஷம் பாய்?"

"யுத்தம் முடிஞ்ச மறுவருஷம். பச்சை உடுப்பு, காலுல பூட்ஸு. தகரப் பெட்டி. ஏறுங்க பட்டாளத்தாரேன்னேன். நான் ஏறலாமான்னு கேட்டாரு, மாவடிச்சேத்தி சேரிக்குப் போவணும்னாரு. குதிரைக்கு அதெல்லாம் தெரியாது, ஏறுங்கன்னேன். ஏறி எம் பக்கத்துல உக்காந்து, பைக்குள்ளேர்ந்து ஒரு சோடி சின்ன செருப்பு எடுத்தாரு. செவப்பு. கல்கத்தாவுல வாங்கினதாம். ஆறு வயசுப் புள்ளைக்கு இது பத்துமா பாய்னு கேட்டாரு. எனக்கும் அந்த வயசுல ஒரு பொண்ணு இருந்துச்சு. பத்தும், கொஞ்சம் பெருசாவே இருக்கும்னேன்."

கண்ணாத்தாள் தன் வெறுங்காலைக் குனிந்து பார்த்தார்.

"வண்டி கெளம்பல. பண்ணை மாட்டுவண்டி குறுக்க வந்து நின்னுச்சு. காரியக்காரர் பஞ்சநதம், கூட மூணு ஆளு. பண்ணையிலேர்ந்து அழைச்சாரச் சொன்னாங்கடான்னு பெட்டியத் தூக்கி அந்த வண்டியில போட்டாங்க. அவரும் எறங்கிப் போனாரு. செருப்பு என் வண்டியிலயே கெடந்துச்சு. வந்து கேப்பாருன்னு ஒரு வருஷம் வச்சிருந்தேன். வரல. அப்புறம் எம் பொண்ணு சைத்தூன் பீவி போட்டுக்கிட்டா." கண்ணாத்தாள் பக்கம் திரும்பி, "நீ யாரு தாயி?" என்றார்.

"அந்தச் செருப்புக்குச் சொந்தக்காரிங்க," என்றார் கண்ணாத்தாள்.

மீரா உசேன் எங்களிடம் சோடாவுக்குக் காசு வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கண்ணாத்தாள், "வந்திருக்காரு தம்பி," என்று ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான். வந்தவர் ஐந்து மைல் தாண்டி வீட்டுக்கு ஏன் வரவில்லை என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பண்ணை வண்டி என்ற பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் அது புரிந்துவிட்டது.

பண்ணையின் காரியக்காரராக இருந்த பஞ்சநதம் இப்போது சுவாமிமலையில் மகள் வீட்டில் இருந்தார். பக்கத்து வீடு விக்கிரகம் வார்க்கும் பட்டறை. மெழுகு உருகும் வாடையும் அரம் தேய்க்கும் சத்தமும் இந்த வீட்டுக்குள்ளும் இருந்தன. எண்பது வயது தாண்டி, ஒரு பக்கம் விழுந்து, கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். கண்ணாத்தாள் நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

"யாரு அது, பண்ணை ஆளா?"

"மாவடிச்சேத்தி வீரையன் மவ," என்றார் கண்ணாத்தாள்.

"பூட்ஸ் வீரையனா." கிழவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நாப்பது வருஷம் அந்தப் பண்ணைக்கு ஒழைச்சேன். ஒரு பக்கம் விழுந்ததும் ஆண்டை மவன் பாலகுரு என்னை வண்டியில ஏத்தி இங்க தள்ளிட்டுப் போயிட்டான். ஒரு தடவ வந்து பார்க்கல. கேளு, என்ன வேணும் கேளு. இனிமே எனக்கென்ன."

கேட்டோம். சொன்னார். நெல் அளந்த கணக்கைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"பட்டாளத்து டெப்போலேர்ந்து கார்டு வந்துச்சு. சேரிக்குள்ள தபால்காரர் போறதில்ல, எல்லாமே பண்ணைக்குத்தான் வரும். இது ஆண்டை பேருக்கே வந்துச்சு. உங்க மகன் இன்ன தேதி வர்றான்னு. படிச்சுட்டு அப்படிச் சிரிச்சாரு. பாருடா பஞ்சநதம், எனக்குப் பட்டாளத்துல ஒரு மவன் பொறந்திருக்கான்னாரு. போய் அழைச்சாடான்னாரு. அழைச்சாந்தேன். தெருமுனையில வண்டிய நிறுத்தி, எறங்கு, பூட்ஸைக் கழட்டிக் கையில எடுத்துக்கன்னேன். பெரிய தெருவுல உங்க ஆளுங்க செருப்புக் காலோட நடக்கிறதில்ல, உனக்கே தெரியும். மாட்டேன்னுட்டான். இது அரசாங்கத்து பூட்ஸுன்னான். டக்கு டக்குன்னு நடந்தே வந்தான். களத்துல வந்து நின்னு, எம் பொண்டாட்டி புள்ளைய அழைச்சுக்கிட்டுப் போக வந்திருக்கேன், பண்ணை வேலைக்கு இனிமே வரமாட்டேன்னு ஆண்டை மூஞ்சிக்கு நேரா சொன்னான்."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன. கட்டிவச்சு அடிச்சோம். அப்ப அதான் வழக்கம். அடிச்சு முடிச்சதும் சாணியக் கரைச்சுக் குடுப்போம். குடிச்சிட்டா விட்டுருவோம். எத்தனை பேரு குடிச்சிட்டு மறுநாள் ஏரு பூட்ட வந்திருக்கான். இவன் வாயத் தொறக்கல. திரும்பத் திரும்ப அடிச்சாங்க. விடியறதுக்குள்ள போயிட்டான்." கொஞ்சம் இருமினார். "நான் அடிக்கல. காலைப் புடிச்சுக்கிட்டேன். அவ்வளவுதான்."

பக்கத்துப் பட்டறையில் அரம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாத்தாள் நிலைப்படிக்கு வெளியிலிருந்து கேட்டார். "எங்க போட்டீங்க?"

"மேட்டு நாத்தங்கால்ல. தென்மேக்கு மூலை. அப்பதான் தண்ணி விட்டு உழுது போட்டிருந்துச்சு, சேறா கெடந்துச்சு. வெட்டறதுக்கு ஒண்ணும் சிரமமில்ல." கண்ணாத்தாளைப் பார்த்துத் தலையைத் திருப்பினார். "உங்கப்பன் அன்னிக்கு அந்த பூட்ஸைக் கழட்டியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது புள்ள. நல்ல வேலைக்காரன்."

பண்ணைக்கு வேண்டிய நாற்று முழுவதும் விடுவது மேட்டு நாற்றங்காலில்தான். கண்ணாத்தாள் விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் அங்கே நாற்றுப் பறித்திருக்கிறார். செவ்வந்தியும் பறித்திருக்கிறார், சாவதற்கு முந்தின சம்பா வரைக்கும்.

திரும்பி வரும் பஸ் கும்பகோணம் தாண்டியது. கண்ணாத்தாள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "அந்த மூலையில மட்டும் நாத்து கறுகறுன்னு வரும் தம்பி. நானும் அம்மாவும் சண்டை போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் எறங்குவோம், பறிக்க லேசா இருக்கும்னு."

நான் போலீஸுக்கு மனு எழுதினேன். என் படிப்புக்கு வேலை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்; சட்டப் பிரிவுகளெல்லாம் தேடிப்பிடித்து எழுதினேன். ஸ்டேஷனில் அதைப் புரட்டிப் பார்த்தவர், "இந்தப் பேப்பர்ல உயிரோட நல்லபடியா வந்தான்னுதானே இருக்கு. செத்ததுக்கு எங்க ஆதாரம்?" என்றார். சுவாமிமலைக்கு ஒரு கான்ஸ்டபிள் போய்வந்தார். வயதாகிவிட்டது, என்னவோ உளறியிருப்பேன் என்று பஞ்சநதம் சொல்லிவிட்டாராம். இரண்டு மாதத்தில் அவரும் செத்துப்போனார்.

மிச்சமிருந்தது பாலகுரு. சிவக்கொழுந்தின் மகன். நிலத்தைப் பத்துப் பெயரில் பிரித்து எழுதி உச்சவரம்புச் சட்டத்திலிருந்து காப்பாற்றிக்கொண்டவர், கட்சியில் ஒன்றியப் பொறுப்பு. போன ஆட்சியில் கறுப்பும் சிவப்புமாக இருந்த அவர் வேட்டிக்கரையின் நடுவே இப்போது ஒரு வெள்ளைக் கோடு கூடியிருந்தது. எங்களை முன்கூடத்தில் உட்காரச் சொன்னார். அந்த வீட்டில் சேரி ஆளுக்குப் போடப்பட்ட முதல் நாற்காலி அதுவாக இருக்கலாம்.

"எங்கப்பா காலத்துல நடந்ததுக்கு நான் என்ன பண்றது தம்பி? இப்ப யாரு சாதி பார்க்கிறா? நீயே பி.ஏ. படிச்சிட்டு வந்து எதிர்ல உக்காந்திருக்க."

"எங்கப்பா படிக்கவச்சாரு, படிச்சேன்," என்றேன். "நாங்க அதுக்கு வரலீங்க."

கண்ணாத்தாள் உட்காரவில்லை. "அந்த மூலைய மட்டும் தோண்டிக்கறேன். எலும்பு கெடைச்சா எடுத்துக்கிட்டுப் போயிடறேன். எங்கம்மாவப் பொதைச்ச எடத்துக்குப் பக்கத்துல வைக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

"நாத்தங்கால்ல உன்னைத் தோண்ட வுட்டா, நாளைக்கு அங்க கொடி நடுவாங்க. நாளான்னைக்கு நெலமே எங்களுதும்பாங்க. எனக்குத் தெரியாதா?" பாலகுரு சிரித்தார். "உனக்கு ஒரு வீட்டு மனை எழுதித் தரச் சொல்றேன் கண்ணாத்தா. காலனிப் பக்கம். போ."

"மனை வேணாங்க. அந்த மூலை."

"போங்கறேன்ல."

அந்த வருடம் சம்பா நாற்றுப் பறிக்கும் நாள் வந்தது. விஷயம் சேரி முழுவதும் தெரிந்துபோயிருந்தது. விடியற்காலையில் பெண்கள் எல்லோரும் வழக்கம்போல மேட்டு நாற்றங்காலுக்குப் போனார்கள், வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். இறங்கச் சொல்லி பண்ணை ஆள் கத்தியபோது பொன்னுத்தாய் என்ற பெண் பதில் சொன்னார். செவ்வந்தியின் பிணத்துக்கு முன்னால் ரங்கூன் பேச்சைப் பேசிச் சிரிக்கவைத்தவர் அவர்தான்.

"வீரையண்ணன் மேல நாங்க கால் வைக்க மாட்டோம்," என்றார்.

மூன்று நாள் யாரும் இறங்கவில்லை. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள், கூடவே போலீஸ் வேன் வந்தது. அந்த ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது. கூலி என்று கூப்பிட்டதற்கு வந்தவர்கள். நான் அன்று தஞ்சாவூரில் இருந்தேன். பொன்னுத்தாய் சொல்லித்தான் தெரியும். கண்ணாத்தாள் ஓடிப்போய்த் தென்மேற்கு மூலையில் நாற்றின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாராம். சத்தம் போடவில்லையாம். கையையும் காலையும் பிடித்து இழுத்து வரப்பில் போட்டார்கள். இடது தோள் பிசகிவிட்டது. அன்றே ரிமாண்டு.

ஜாமீனில் எடுத்து ஊருக்குக் கூட்டிப்போனபோது அவர் குடிசை இருந்த இடத்தில் ஏர் ஓட்டியிருந்தது. குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் இருந்தது. அங்கே யாரோ குடியிருந்தார் என்பதற்கு ஓர் அடுப்புக்கல்கூட இல்லை. நாற்றங்காலுக்குப் போனோம். தென்மேற்கு மூலையை ஆழமாக வெட்டி, ஆழ்குழாய் இறக்கி, சிமெண்டுத் தளம் போட்டு, மோட்டார்க் கொட்டகை கட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய மண் எங்கே என்று கொத்தனாரைக் கேட்டேன். டிராக்டரில் எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்றார்.

கண்ணாத்தாள் தளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பூச்சுப் போட்ட ஈரச் சிமெண்டில் கோழி நடந்த தடம் பதிந்திருந்தது.

"முப்பத்தி மூணு வருஷம் எங்கம்மா முண்டச்சிதான். தெரியாமப் பொட்டு வச்சிக்கிட்டா," என்றார். "வா தம்பி, பஸ்ஸு போயிடும்."

அதன்பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்தப் பண்ணையிலும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. வழக்கு இரண்டு வருடம் நடந்து, அத்துமீறி நுழைந்ததற்காக அபராதத்தில் முடிந்தது. ஆவணத்தின் நகலைக் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை; அதில் அப்பன் பெயர் தப்பாக இருக்கிறது என்றார். திருத்தம் கேட்டு நான் பெங்களூருக்கு எழுதினேன். அம்மாசி என்பதற்குப் பிறப்புச் சான்று கேட்டார்கள். அம்மாசிக்கும் வீரையனுக்கும் அப்படி ஒன்று எங்கேயும் கிடையாது. இன்றுவரை அதில் தகப்பனார் பெயர் சிவக்கொழுந்துதான்.

கண்ணாத்தாள் இப்போது வேதாரண்யத்தில் இருக்கிறார். உப்பளத்தில் உப்பு வாருகிறார். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாததால் பாதிக் கூலி. வேலையாட்கள் தங்கும் கீற்றுக் கொட்டகையில் ஓர் ஓரத்தில் குடியிருக்கிறார். வருடத்தில் ஒரு நாள், ஆடிப்பெருக்குக்கு மறுநாள், வேலைக்குப் போவதில்லை.